கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கமராவையும் ஏமாத்தும்

வாசகர் கேள்வி பதில்

போன மாச இதழில ஒரு வாசகர் "மாங்காய் ஆயிற நாளைக் கமரா பார்த்துச் சொல்லுமாமே, உண்மையோ" எண்டு கேட்டிருந்தார். நானும் "ஓம் சொல்லும், ஆனா எல்லா மாங்காய்க்கும் இல்லை" எண்டு ஒரு வரியில போட்டிட்டு விட்டிட்டன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் எண்டு நினைக்கேல்ல. ரெண்டு பேர் ஏசியும் எழுதியிருக்கினம். அதால இந்த முறை வேற கேள்வி ஒண்டும் எடுக்கேல்ல, முழுக்க இதுதான்.

தம்பி, எங்கட அப்பா மரத்துக்குக் கீழ நிண்டு அண்ணாந்து பார்த்தே "இது இன்னும் பத்து நாள் கிடக்கட்டும்" எண்டு சொல்லுவார், ஒரு நாளும் பிழைச்சதில்லை. அவருக்குத் தெரியாத என்னத்தை உங்கட கமரா பாக்குது?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை)

ரீச்சர், முதல்ல உங்கட அப்பா என்னத்தைப் பார்த்தார் எண்டு சொல்லுறன். அவர் நிறத்தை மட்டும் பார்க்கேல்ல. காம்படியில ரெண்டு பக்கமும் தோள் எழும்பி காம்பு ஒரு குழிக்குள்ள இறங்கின மாதிரி வந்திட்டுதோ, தோலில இருக்கிற சின்னச் சின்னப் புள்ளி தெளிவாத் தெரியுதோ, மேல மா பூசின மாதிரி ஒரு வெள்ளை படர்ந்திருக்கோ, எல்லாத்துக்கும் மேல அந்த மரம் எப்ப பூத்தது எண்டு அவற்ற மனசில ஒரு கலண்டர் இருந்திருக்கும், பூத்து மூண்டு நாலு மாசம் எண்ட கணக்கு. இது எல்லாத்தையும் சேர்த்துத்தான் அந்தப் பத்து நாள் வந்தது.

கமரா பாக்கிறது வேற விசயம். எங்கட கண்ணுக்குத் தெரியிற வெளிச்சம் கிட்டத்தட்ட 400 நனோமீட்டரில இருந்து 700 வரைக்கும்தான். அதுக்குள்ள 670, 680 எண்டு வாற சிவப்பு வெளிச்சத்தை இலைப்பச்சை உறிஞ்சிப்போடும். காய் முத்த முத்த தோலுக்குக் கீழ இருக்கிற பச்சை குறையும், குறைஞ்சா அந்தச் சிவப்பு உறிஞ்சுப்படாமல் திரும்பி வரும். எங்கட கண்ணுக்கு "எல்லாம் பச்சைதானே" எண்டு தெரியிற ரெண்டு காய்க்கு இடையில கருவி ஒரு வித்தியாசத்தைப் பிடிக்கிறது இதாலதான். இத்தாலியில பொலோஞா பல்கலைக்கழகத்தில பீச், அப்பிள் பழங்களுக்கு இப்பிடி ஒரு சின்னக் கையடக்கக் கருவி செய்தவை, 670 இல எவ்வளவு உறிஞ்சுது 720 இல எவ்வளவு உறிஞ்சுது எண்டு ரெண்டையும் கழிச்சு ஒரு நம்பர் குடுக்கும், அவ்வளவுதான் அதின்ட வேலை.

700 க்கு அங்கால போனா கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. இதை 1800 இலயே வில்லியம் ஹேர்ஷல் எண்ட வானியல் ஆள் கண்டுபிடிச்சிட்டார், வெயிலைப் பட்டகத்தால பிரிச்சு ஒவ்வொரு நிறத்திலயும் வெப்பமானி வைச்சுப் பார்க்கேக்க, சிவப்புக்கு வெளியால ஒண்டும் இல்லாத இடத்தில வெப்பம் கூடக் காட்டினதாம். அந்த வெளிச்சத்தின்ட விசேசம் என்னெண்டா அது தோலோட நிக்காது, சதைக்குள்ள சில மில்லிமீட்டர் போய் அங்க இருக்கிற தண்ணி, சீனி, மாச்சத்து எல்லாத்திலயும் பட்டு, கொஞ்சம் பறிகுடுத்து, மிச்சம் வெளிய வரும். தண்ணி 970 நனோமீட்டர் அளவில நல்லா உறிஞ்சும். வெளிய வந்த மிச்சத்தில எந்த இடத்தில எவ்வளவு காணாமல் போச்சு எண்டு பார்த்தா உள்ளுக்க என்ன கிடக்கெண்டு கணக்குப் போடலாம். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில கார்ல் நொரிஸ் எண்டவர் தானியத்தில ஈரப்பதம் அளக்க எண்டு தொடங்கி 1960களில இந்த முறையை வளர்த்தெடுத்தார். 1980களின்ட கடைசியில ஜப்பானில பழம் தரம்பிரிக்கிற இடங்களில பீச் பழத்தை வெட்டாமலே இனிப்பு அளக்கத் தொடங்கிட்டினம்.

ஆக உங்கட அப்பா வெளியால பார்த்து உள்ளுக்க இருக்கிறதை ஊகிச்சார், கருவி கொஞ்சம் உள்ளுக்க போய்ப் பார்த்திட்டு வந்து மிச்சத்தை ஊகிக்குது. ரெண்டும் ஊகம்தான் ரீச்சர், அப்பாவைக் குறைச்சு நான் எழுத மாட்டன்.

மாங்கா வெளிய தங்கம் மாதிரி மஞ்சளா இரிக்கி, வீட்டுக்குக் கொண்டுபோய் வெட்டினா புளி, சப்புண்டு இரிக்கி. சனம் என்னத் தான் ஏசுது. நான் மெனிங் சந்தையில எடுத்து விக்கிற ஆள், நான் என்னத்த செய்ய? உங்கட கமரா இதுக்கு ஏதாவது செய்யுமா?
(பழ வியாபாரி, மாளிகாவத்தை)

நானா, இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பக்கமே. மற்றக் கேள்வி எல்லாத்தையும் விட்டாலும் இதை விடேலாது.

மாங்காய் மரத்தில நிக்கேக்க மரம் அதுக்குள்ள மாச்சத்தை அடைஞ்சுகொண்டே இருக்கும். ஆய்ஞ்ச பிறகு மரத்தில இருந்து ஒண்டும் வராது, உள்ளுக்க கிடக்கிற மாச்சத்துத்தான் சீனியா மாறும். கொழுக்கட்டைக்குள்ள பயறும் சக்கரையும் எவ்வளவு வைச்சு மூடினமோ அவ்வளவுதான் கடிக்கேக்க வரும், அவிச்சு எடுத்த பிறகு உள்ளுக்க தள்ளேலாது. அதே கதைதான். விலை ஏறின நேரம் பார்த்து ரெண்டு மூண்டு கிழமை முந்தி இறக்கின காய்க்குள்ள மாச்சத்து காணாது, அதை நீங்க வைக்கோலுக்க வைச்சாலும் சரி, கல்லுப் போட்டாலும் சரி, தோல்தான் மஞ்சளாகும், உள்ளுக்க இனிப்பு எங்கயிருந்து வரும்? அந்தக் கல்லு, அதுதான் காபைட், ஈரத்தில அசிட்டிலீன் வாயுவை விடும், அது பழம் தானா விடுற எத்திலீன் மாதிரி நடிச்சுத் தோலை நிறம் மாத்தும். அதோட ஆசனிக்கு, பொஸ்பீன் எண்டு விஷச் சாமானும் கலந்து வாறதாலதான் அதைப் பழத்துக்குப் பாவிக்கக்கூடாது எண்டிறது. உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனா வாசிக்கிற ஆக்களுக்குச் சொல்லி வைக்கிறன்.

இப்ப கமராவுக்கு வருவம். வெறும் நிறம் பாக்கிற கமரா எண்டா அந்த மஞ்சளைப் பார்த்து ஏமாறும், சனம் ஏமாறின மாதிரியே. அகச்சிவப்பில பாக்கிற கருவி அந்த நிறத்துக்கு ஏமாறாது, ஏனெண்டா அது தேடுறது நிறத்தை இல்லை, உலர்பொருளை. பேர் பெரிசா இருந்தாலும் விசயம் சின்னது, 100 கிராம் மாங்காய்ச் சதையை வெட்டி அவணில மெல்லிய சூட்டில தண்ணி முழுக்கப் போகும்வரை காய வைச்சா மிஞ்சிற நிறை. 15 கிராம் மிஞ்சினா 15 வீதம். அந்த மிச்சத்தில பெரும்பங்கு மாச்சத்தும் சீனியும்தான், அதால ஆயிற அண்டைக்கு இந்த நம்பர் தெரிஞ்சா பழுத்த பிறகு எவ்வளவு இனிக்கும் எண்டு முன்கூட்டியே சொல்லலாம். அவுஸ்திரேலியாவில கென்சிங்டன் பிரைட் எண்ட இனத்துக்கு 15 வீதமளவு வந்த பிறகு ஆயச் சொல்லித்தான் தோட்டக்காரருக்குச் சொல்லுறது, தோட்டத்திலயே கையடக்கக் கருவியைக் காயில வைச்சு அமத்திப் பார்ப்பினம், சில செக்கனில நம்பர் வரும், காய் மரத்திலயே கிடக்கும்.

மாம்பழத்துக்கு மட்டும் இல்லை நானா. தாய்லாந்தில மொந்தோங் எண்ட இனத்துத் துரியானுக்கு 32 வீதம் உலர்பொருள் இருக்க வேணும் எண்டு வைச்சிருக்கினம், பிஞ்சு துரியானை ஏத்தி அனுப்பிறவைக்கு அங்க நல்ல பிரச்சினை. கலிபோர்னியாவில 1925 இலயே அவக்காடோவில, எங்கட பழைய ஆக்கள் ஆனைக்கொய்யா எண்டிறது, 8 வீதம் எண்ணெய் இல்லாமல் விக்கேலாது எண்டு சட்டம் போட்டவை, பிறகு எண்ணெய் அளக்கிறது கஷ்டம் எண்டு 1980களில அதையும் உலர்பொருளுக்கு மாத்தினவை.

ஆனா இதெல்லாம் தோட்டத்தில, இறக்க முந்திச் செய்ய வேண்டியது. பேலியகொடை மெனிங் சந்தையில லொறியால இறங்கின பெட்டிக்கு முன்னால நிண்டு கருவியை வைச்சா, அது "இது பிஞ்சு" எண்டு சொல்லும், சரி, சொன்ன பிறகு? திரும்ப மரத்தில ஒட்டேலாதே. நீங்கள் செய்யக்கூடியது, ஒரு பெட்டியில ஒரு காயை வெட்டிப் பார்த்திட்டு வாங்கிறது. கொட்டையைச் சுத்தி சதை வெள்ளையா இருந்தா விடுங்கோ, மஞ்சள் பிடிச்சிருந்தா எடுங்கோ. வெட்ட விடாத ஆளிட்ட வாங்காதேங்கோ.

எனது கைபேசியில் நல்ல கமரா உண்டு. அதை வைத்துப் பழம் முற்றியதா எனப் பார்க்கலாமா?
(உயர்தர மாணவி, கொட்டாஞ்சேனை)

தங்கச்சி, இவ்வளவு வடிவான எழுத்துத் தமிழில கேட்டதுக்கு இந்தப் பக்கத்தில நீங்க ஒராள்தான்.

தக்காளி, வாழை மாதிரி நிறம் தெளிவா மாறிற சாமானுக்கு போன் கமரா ஓரளவு உதவும், வெளிச்சம் ஒரே மாதிரி இருந்தா. ரியூப் லைட்டுக்குக் கீழ எடுத்த படத்தையும் வெயிலில எடுத்த படத்தையும் ஒப்பிடாதீங்க. பக்கத்தில ஒரு வெள்ளைத் தாளை வைச்சு எடுத்தா கொஞ்சம் சரிக்கட்டலாம். அகச்சிவப்பு பாக்க ஏலாது, ஏனெண்டா போன் செய்யிறவை படத்தின்ட நிறம் கெடக்கூடாதெண்டு லென்சுக்குப் பின்னால அகச்சிவப்பைத் தடுக்கிற ஒரு கண்ணாடி வைச்சிருக்கினம். சந்தேகம் எண்டா ரீவி ரிமோட்டை எடுத்து நுனியில இருக்கிற பல்ப்பை போன் கமராவுக்கு நேர பிடிச்சு பட்டனை அமத்திப் பாருங்க. கண்ணுக்கு ஒண்டும் தெரியாது, ஆனா சில போனில, அதுவும் செல்பி கமராவில, ஊதா மாதிரி மினுங்கும், அது தடுப்புக் கொஞ்சம் லூசா இருக்கிற கமரா. பின்பக்கத்துக் கமராவில அனேகமா தெரியாது. விஞ்ஞான புரொஜெக்ட் ஏதும் செய்யிறதெண்டா இதில இருந்து தொடங்கலாம்.

கறுத்தக்கொழும்பான் பழுத்தாலும் பச்சையாத்தானே நிக்குது, உங்கட கமரா அதுக்கு என்ன செய்யும்? அதோட அந்தப் பழத்துக்கு ஏன் கொழும்பான் எண்டு பேர், கொழும்பில ஒரு மரமும் காணேல்ல.
(யாழ்ப்பாணத்து மருமகன், தெஹிவளை)

பேருக்கு நான் பொறுப்பில்லை. யாழ்ப்பாணத்து மாம்பழத்துக்குக் கொழும்பின்ட பேரை வைச்சிட்டு கொழும்பில இருந்துகொண்டு அதுக்கு ஏங்கிற சனம் நாங்கள்.

முதல் பகுதிக்கு என்ட சொந்தக் கதையைச் சொன்னாத்தான் விளங்கும். கொஞ்ச வருசம் நான் பழம் பொதி பண்ணி வெளிநாட்டுக்கு அனுப்பிற ஒரு இடத்தில வேலை செய்தனான், பேர் வேண்டாம். அங்க ஒரு தரம்பிரிக்கிற கமரா வாங்கிப் போட்டினம், பட்டியில பழம் ஓட ஓட மேல இருந்து படம் எடுத்து மஞ்சள் ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம் எண்டு தள்ளும். டொம் ஈஜேசி எண்ட இனத்து மாம்பழம் ஓடேக்க பிழை இல்லை. ஒரு நாள் வடக்கில இருந்து கறுத்தக்கொழும்பான் வந்தது, நல்ல செங்காய், மணக்குது, ஓட விட்டம், முழுப் பெட்டியையும் பிஞ்சு எண்டு கழிவுப் பக்கம் தள்ளிப்போட்டுது. அங்க துப்புரவு வேலை செய்த அம்மா ஒராள் அதில ஒண்டை எடுத்து மணந்து பார்த்திட்டு எங்களைப் பார்த்துச் சிரிச்ச சிரிப்பு இண்டைக்கும் மறக்கேல்ல.

பிறகு கையடக்க அகச்சிவப்புக் கருவி ஒண்டு வந்தது, நிறம் பாக்காது உள்ளுக்கதான் பாக்கும், இனிப் பிரச்சினை இல்லை எண்டு நினைச்சம். அதுவும் காலமை ஒரு நம்பர், மத்தியானம் ஒரு நம்பர். மெசினைத்தான் ஏசினம். கடைசியில பார்த்தா காலமை பழம் குளிர் அறையில இருந்து வந்தது, மத்தியானம் லொறியால நேர சூட்டோட இறங்கினது, சூடு மாறினா தண்ணி உறிஞ்சிற விதமும் கொஞ்சம் மாறும், நம்பர் விலகும். அதைவிடப் பெரிய பிழை, அந்தக் கருவிக்குள்ள இருந்த கணக்கு வேற நாட்டு வேற இனத்து மாம்பழத்துக்குப் போட்ட கணக்கு. கருவி வெளிச்சத்தைத்தான் அளக்குது, அந்த வெளிச்சத்தை வீதமா மாத்திறது யாரோ நூற்றுக்கணக்கான காயை அளந்து, அளந்த அதே இடத்தை வெட்டிக் காய வைச்சு, ரெண்டையும் பொருத்திச் செய்த ஒரு சமன்பாடு. எங்கட காய்க்கு எங்கட ஆக்கள்தான் அதைச் செய்ய வேணும், கறுத்தக்கொழும்பானுக்கு வேற, அம்பலவிக்கு வேற, விலாட்டுக்கு வேற, ஒரு போகத்தோட விட்டாலும் சரிவராது, அடுத்த வருச மழை வேற மாதிரி இருந்தா திரும்பச் சரிபார்க்க வேணும். கருவி வாங்கிறதுக்குக் காசு தேடுற ஆக்கள் இந்த வேலைக்குக் காசு ஒதுக்கிறதில்லை, என்ட கோபம் எல்லாம் அதில்தான்.

கிளிநொச்சியில் எனக்கு 3 ஏக்கர் மாந்தோட்டம் இருக்கு, நான் கொழும்பில் வேலை. ட்ரோன் விட்டு எப்ப ஆயலாம் எண்டு இங்க இருந்தே பார்க்க ஏலுமோ? சற்றலைட் படமும் இலவசமா வருதாம்.
(கணக்காளர், பம்பலப்பிட்டி)

ஐயா, மேல இருந்து பார்த்தா மாமரத்தில தெரியிறது இலை. காய் இலைக்குக் கீழ தொங்குது. சென்டினல் 2 சற்றலைட் படம் இலவசம்தான், ஆனா அதில ஒரு புள்ளி நிலத்தில 10 மீட்டருக்கு 10 மீட்டர், உங்கட ஒரு மரம் ஒரு புள்ளிக்குள்ள முழுக்க மறைஞ்சிடும். அதை வைச்சு எந்தப் பக்கத்து மரம் வாடுது, எங்க தண்ணி காணாது எண்டு பார்க்கலாம், சிவப்பையும் அகச்சிவப்பையும் ஒப்பிட்டு இலையின்ட செழிப்பைக் காட்டுற கணக்கு ஒண்டு இருக்கு, 1970களில இருந்து பாவிக்கினம். காய் முத்தினதை அது சொல்லாது.

அவுஸ்திரேலியாவில மத்திய குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்து ஆக்கள் வேற மாதிரி யோசிச்சவை. ராத்திரியில ஒரு வாகனத்தில பெரிய லைட்டும் கமராவும் பூட்டி மர வரிசைக்குள்ளால ஓட்டிப் படம் எடுக்கிறது. பகலில வெயிலும் நிழலும் மாறி மாறி விழுந்து கம்பியூட்டரைக் குழப்பும், இரவில தங்கட லைட் மட்டும்தான், பின்னால எல்லாம் கறுப்பு, காய் பளிச்செண்டு தெரியும். அதில காயையும் எண்ணுறது, அதுக்கு முந்திப் பூங்கொத்தையும் எண்ணுறது. பூ எப்ப விரிஞ்சது எண்டு தெரிஞ்சா அதில இருந்து ஒவ்வொரு நாளும் அடிச்ச வெப்பத்தைக் கூட்டிக்கொண்டு போய் ஆயிற கிழமையைச் சொல்லலாம். வெள்ளவத்தை ரீச்சரின்ட அப்பா மனசில வைச்சிருந்த கலண்டர்தான் இது, கமரா பூட்டினது மட்டும் புதுசு.

உங்களுக்கு நான் சொல்லுறது, தோட்டத்தைப் பாக்கிற ஆளைக்கொண்டு ஒரே மரத்தை, ஒரே இடத்தில நிண்டு, கிழமைக்கு ஒருக்கா போன்ல படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. பூத்த நாளைக் கொப்பியில எழுதுங்கோ. ட்ரோன்தான் வேணும் எண்டா சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின்ட விதிகளைப் பார்த்திட்டு வாங்குங்கோ, வாங்கிப்போட்டுப் பார்க்காதேங்கோ.

அன்னாசிக்கும் இந்த அகச்சிவப்புக் கருவி சரிவருமா?
(பேர் இல்லை, கம்பஹா)

வரும், இன்னும் அவசியமா வரும். அன்னாசிக்குள்ள மாச்சத்துச் சேமிப்பு இல்லை, வெட்டின பிறகு இனிப்புக் கூடாது. வெட்டின அண்டைக்கு இருந்ததுதான் கடைசிவரைக்கும். மல்வானை ரம்புட்டானும் அப்பிடித்தான், வீட்ட கொண்டுபோய் வைச்சா நல்லா வரும் எண்டு யாரும் சொன்னா நம்பாதீங்க.

இந்தக் கமரா எல்லாம் வந்தா காய் புடுங்குற எங்க அண்ணன் மாதிரி ஆளுங்க வேலை போயிருமா?
(மட்டக்குளி)

வெளிநாட்டில கண்ணாடி வீட்டுக்குள்ள ஸ்ட்ரோபெரி, கம்பியில படர விட்ட அப்பிள் எண்டா ரோபோ கை நீட்டிப் புடுங்கும், எல்லாம் ஒரே உயரம், ஒரே வரிசை. எங்கட மாமரம் 40 அடி, முசுறும் இருக்கும். கமரா "இது முத்திட்டுது" எண்டு காட்டும், ஏறிறது அண்ணன்தான். கூலி கேக்கேக்க மட்டும் கமராவுக்குப் பிரிச்சுக் குடுக்க விடாதீங்க.

எங்கட வளவில ஒரே ஒரு மாமரம். கருவி லட்சக்கணக்கில விலையாம். சிலவில்லாத வழி ஒண்டு சொல்லுங்கோ தம்பி, சும்மா விஞ்ஞானம் கதைக்காமல்.
(அம்மம்மா, கல்கிசை)

ஏசினதில ஒராள் இவதான். சரி அம்மம்மா, ரெண்டு மூண்டு காயைக் கொக்கத்தடியால இறக்கி ஒரு வாளி தண்ணியில போடுங்கோ. முத்தின காய் தண்ணியைவிடக் கொஞ்சம் பாரம், தாழும், முத்தாதது மிதக்கும். தாழ்ந்தா மரத்தில அதே பருவத்துக் காயெல்லாம் ஆயலாம். ஒரு விசயம், கடற்கரைப் பக்கக் கிணறு எண்டா தண்ணி உப்பா இருக்கலாம், உப்புத் தண்ணியில முத்தினதும் மிதந்து உங்களை ஏமாத்தலாம், பைப் தண்ணியை எடுங்கோ. மிதந்த காயை எறியாதேங்கோ, ஊறுகாய்க்கு அதுதான் நல்லம், போட்டா ஒரு போத்தல் இந்தப் பக்கமும் அனுப்பிவிடுங்கோ.